உப்புத் தண்ணீர் வீட்டில் முதல் மாதம்: குளியலறைக்கு ஒரு வழிகாட்டி

அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவனுக்குத் தண்ணீர் யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. வேலைக்காகச் சென்னை வந்து, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடியில் குடியேறினேன். இரண்டாவது வாரம் முழங்கை மடிப்பில் அரிக்க ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. சோப்பை மாற்றினேன். ஷாம்பூவை மாற்றினேன். அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து ஷவர் ஃபில்டர் வாங்கி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வருவது என்ன தண்ணீர் என்றே பார்க்காமல் பொருளாக வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தேன்.

உப்புத் தண்ணீர் ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் தண்ணீர், அடுத்து சோப்பு, பிறகு குழாய், அப்புறம் துணி. இந்த வரிசையை மாற்றினால் காசுதான் போகும்.

என்ன தண்ணீர் வருகிறது?

வாட்ச்மேனிடம் கேளுங்கள், அசோசியேஷன் செயலாளரைவிட அவருக்குத்தான் தெரியும். மெட்ரோ வாட்டரா (மாநகரக் குடிநீர் வாரியத் தண்ணீர்), போர்வெல்லா, லாரியா? பல குடியிருப்புகளில் மூன்றும் ஒரே சம்ப்பில்தான் (தரையடித் தொட்டி) விழுகின்றன. அதனால்தான் திங்கட்கிழமை நுரைத்த சோப்பு வியாழக்கிழமை நுரைக்காது. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்தும், மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்களிலிருந்தும் வரும் மெட்ரோ தண்ணீர் பொதுவாகப் போர் தண்ணீரைவிடச் சாது. லாரித் தண்ணீர் அது எந்தக் கிணற்றில் ஏறியதோ அதைப் பொறுத்தது.

இப்போது ஒரு சின்னச் சோதனை. அரை லிட்டர் பாட்டிலில் பாதிக்குக் குழாய்த் தண்ணீர், இன்னொரு பாட்டிலில் அதே அளவு கேன் தண்ணீர். குளியல் சோப்பைச் சீவி, இரண்டிலும் ஒரே அளவு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். கேன் தண்ணீர் நுரைத்து நிற்கும். குழாய்த் தண்ணீர் பால்போலக் கலங்கி, மேலே தயிர்த் திட்டுபோல ஏதோ மிதந்தால் உங்கள் வீட்டில் கடின நீர். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பொருளாகிவிடுகின்றன. அதுதான் அந்தத் திட்டு. பக்கெட்டின் உள்பக்கம் சாம்பல் வளையமாக ஒட்டுவதும், குளித்து முடித்த பிறகும் உடம்பில் பிசுபிசுவென்று நிற்பதும் அதேதான்.

எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கடினத்தன்மை சோதனைப் பெட்டி கிடைக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500, 2012) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடலாம் என்கிறது. 600-ல் குளித்தால் செத்துவிட மாட்டோம், ஆனால் சோப்பு தோற்றுவிடும்.

எல்லோரும் கையில் வைத்துக்கொண்டு திரியும் அந்தப் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டரை இதற்கு நம்பாதீர்கள். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று ஏறக்குறையச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கடலோரப் போரில் சாப்பாட்டு உப்பே அதிகமாக இருக்கலாம். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரும் சோப்பு நுரைக்காத தண்ணீரும் ஒன்றல்ல. நம் அதிர்ஷ்டத்துக்கு இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு.

எதை வாங்க வேண்டாம்

ஷவர் ஃபில்டர். பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது கரியும் உலோகத் துகளும். குளோரினைக் குறைக்கும், மண்ணைப் பிடிக்கும். கால்சியம் அப்படியே தாண்டி வரும். கடினத்தை எடுப்பது ரெசின் என்கிற பிசின் மணிகள் உள்ள சாஃப்ட்னர் கருவிதான். அதுவும் கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, அவ்வளவே. அதனால் டிடிஎஸ் எண் குறையாது. "மீட்டர்ல ஒண்ணுமே குறையலையே, ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே தப்பு மீட்டரிடம் கேட்ட கேள்வியில் இருக்கிறது. ரெசினுக்கு அவ்வப்போது உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். வாடகை வீட்டுக்கு இது பெரிய வேலை.

சாஃப்ட்னர் வைத்தால் தோல் நோய் போய்விடும் என்று யாராவது விற்றால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். இங்கிலாந்தில் கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல் நோய் உள்ள 336 குழந்தைகளை வைத்து நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் சாஃப்ட்னர் பொருத்தியதால் கரப்பானின் கடுமை குறையவில்லை. முடிக்கும் துணிக்கும் கீசருக்கும் சாஃப்ட்னர் நல்லது. தோலுக்கு அதைவிட மலிவான வழி அடுத்து வருகிறது.

ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைக் குளிக்கப் பிடித்து வைக்காதீர்கள். வடிகட்டிய தண்ணீரிலிருந்து விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கழிப்பறைக்கு ஊற்றலாம்.

சோப்பு

சோப்பு உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். "சோடியம் பாமேட்", "சோடியம் பாம் கெர்னலேட்" என்று தொடங்கினால் அது அசல் சோப்பு. பிஹெச் 9, 10 என்று, அதாவது காரமாக இருக்கும். நம் தோல் 5-ஐ ஒட்டிய லேசான அமிலம். நல்ல தண்ணீரில் அந்தக் காரத்தை அலசிவிடலாம். உப்புத் தண்ணீரில் அது திட்டாகி ஒட்டிக்கொண்டு, தோல் மடிப்புகளில் உட்கார்ந்து அரிக்கிறது.

டிஎஃப்எம் (சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல்தர சோப்பு என்று இணையத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். தரக்கணக்கில் சரிதான். கலப்படப் பொடி குறைவு, சோப்பு அதிகம் என்று அதற்கு அர்த்தம். ஆனால் கடின நீரில் சிக்கலே சோப்புதான். டிஎஃப்எம் எவ்வளவு உயர்ந்தாலும் திட்டு திட்டுதான்.

நீங்கள் தேட வேண்டியது "சின்டெட்" வகைக் கட்டி, பார்க்கச் சோப்பு மாதிரி இருக்கும், ஆனால் சோப்பு இல்லை. உட்பொருளில் முதலில் "சோடியம் கோகோயில் ஐசெதயோனேட்" என்று இருக்கும். மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சோப்பைவிட விலை கூடத்தான். உடம்பு முழுக்கப் போட வேண்டியதில்லை. அக்குள், தொடையிடுக்கு, பாதம், அழுக்குப் பட்ட இடம் போதும். கைகால்களுக்குத் தினமும் தண்ணீரே போதும். முதலில் மனசு ஒப்பாது, பத்து நாளில் ஒப்பும். வாசனையில்லாததாகப் பாருங்கள், பல பேருக்கு ஒவ்வாமை அந்த வாசனையில்தான்.

சிகைக்காயும் பூந்திக்கொட்டையும்? ஆச்சி காலத்தில் ஊர்க்கிணறு உப்பாக இருந்தவர்களும் இதைத்தான் தேய்த்தார்கள், காரணம் இருக்கிறது. அதில் நுரைப்பது சப்போனின், அது கால்சியத்தைக் கண்டு சோப்பு மாதிரித் திட்டாகாது. முடிக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அரைத்த பொடியைச் சலிக்காமல் போட்டால் அரிப்பு கூடும், வடிகாலும் அடைக்கும். கஷாயமாக வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். நலங்கு மாவிலும் பத்துப் பொருள் இருக்கிறது, பத்தில் ஒன்று உங்களுக்கு ஆகாமல் போகலாம். எதுவானாலும் முன்கையின் உள்பக்கம் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

குளிக்கும் முறை

பத்து நிமிஷத்துக்குள் முடியுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றும்போது அரிப்பு அடங்குகிற மாதிரி சுகமாக இருக்கும், அரை மணியில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். நாரும் பீர்க்கங்கூடும் இந்த மாதத்துக்கு வேண்டாம்.

கடைசி இரண்டு சொம்பு நல்ல தண்ணீர். இதுதான் எனக்கு முதலில் பலித்தது. இருபது லிட்டர் கேனிலிருந்து இரண்டு லிட்டர் எடுத்துத் தலையிலிருந்து மெதுவாக ஊற்றிக்கொள்வேன். உப்பும் திட்டும் அதோடு இறங்கிவிடும். தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும் செய்தாலும் முடியில் வித்தியாசம் தெரியும்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள், அதாவது மூன்று நிமிஷத்துக்குள், வாசனையில்லாத கெட்டியான மாய்ஸ்சரைசர். எண்ணெயைவிட இதற்குப் பலன் அதிகம். தேங்காய் எண்ணெய்தான் பழக்கம் என்றால் அதே ஈரத்தின்மேல் தடவுங்கள், வறண்ட தோலில் தடவுவதில் பாதிப் பயன்கூட இல்லை.

குழாய்கள்

குழாய்க்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். வெந்நீரும் தண்ணீரும் சரியாகக் கலக்காத மிக்ஸர் இருக்கும் வீட்டில் யாரும் வெதுவெதுப்பாகக் குளிப்பதில்லை. கொதிக்கும், இல்லையென்றால் குளிரும். அதனால்தான் இந்தப் பகுதி நீளம்.

முதல் வேலை, குழாய் வாயில் இருக்கும் வலை. ஏரேட்டர் என்பார்கள். வாஷ்பேசினில் தண்ணீர் ஒருபக்கம் சாய்ந்து சட்டையில் தெறித்தால், அந்த வலையில் உப்புக் கட்டியும் மணலும் அடைத்திருக்கிறது. துணியைச் சுற்றிக் கையால் திருகினால் கழன்றுவிடும். குழாயை நேராகப் பார்த்தபடி திருகினால் கை குழம்பும், கீழிருந்து பார்த்தபடி இடப்பக்கம் திருப்புங்கள். மளிகைக் கடையில் லெமன் சால்ட் கிடைக்கும், எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் கரைத்து இரவு முழுக்க ஊறப் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் புதுசாகிவிடும். ஷவர் தலைக்கும் இதே கரைசல்தான்: பாலித்தீன் பையில் ஊற்றி, தலை முங்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள்.

பாத்ரூம் ஆசிட்டைக் குழாய்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பளபளப்புப் பூச்சு உரிந்து பித்தளை தெரியும். அந்த ஆசிட்டையோ எலுமிச்சை உப்பையோ ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ப்பது அதைவிட மோசம். கிளம்பும் குளோரின் வாயு அடைத்த குளியலறையில் ஆளையே சாய்த்துவிடும்.

அடுத்து மிக்ஸர். சுவரில் மூன்று கைப்பிடி இருந்தால் ஓரத்து இரண்டும் வெந்நீர், தண்ணீர். நடுவில் இருப்பது ஷவருக்கா கீழ்க் குழாய்க்கா என்று மாற்றும் டைவர்ட்டர். இடப்பக்கம் வெந்நீர் என்பது வழக்கம், நம் வீடுகளில் சட்டமில்லை. என் வீட்டில் சிவப்புப் புள்ளி போட்ட பக்கம் தண்ணீர் வந்தது. முதல் நாள் கையை மட்டும் நீட்டிச் சோதித்து, நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீரை முதலில் திறந்து, வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மூடும்போது வெந்நீர் முதலில்.

சில வீடுகளில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வரும். கீசர் பழுது என்று ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஹேண்ட் ஷவரைப் பாருங்கள். மிக்ஸரின் இரண்டு கைப்பிடியையும் திறந்தபடி விட்டுவிட்டு, கையிலிருக்கும் விசையால் மட்டும் ஷவரை நிறுத்தியிருந்தால், அழுத்தம் கூடிய பக்கத்துத் தண்ணீர் மற்ற பக்கத்துக்குள் ஏறிவிடும். கைப்பிடிகளை மூடினால் தீர்ந்தது. வெந்நீர் மட்டும் நூலாக வந்தால் கீசர் பக்கம் உப்பு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கொதிக்கும்போது கல்லாகப் படிவது கடின நீரின் குணம். ஹீட்டரின்மேல் அந்தக் கல் ஏறினால் கரண்டும் கூடத் தின்னும். போர் தண்ணீர் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்வது அவசியம், அதை வீட்டுக்காரரிடம் குடிவரும்போதே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் உங்கள் செலவு.

மேல்மாடிக்காரர்களுக்கு ஒரு கணக்கு. தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். உங்கள் வீடு தொட்டிக்கு நேர்கீழே, மூன்று மீட்டர்தான் என்றால் 0.3 பார். எங்கள் பிளம்பர் அண்ணன் நான் வாங்கி வைத்திருந்த அகலமான மழை ஷவரைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கீழ்வீட்டுக்காரங்க சமாச்சாரம், உங்களுக்கு இல்ல" என்றார். மாட்டினால் மழை பெய்யாது, கூரை ஒழுகும். சின்னத் தலையுள்ள ஷவர் வாங்குங்கள். அல்லது பக்கெட்டும் சொம்பும். எனக்கு இன்றைக்கும் சொம்புக் குளியல்தான் பிடிக்கும், ஒரு பக்கெட்டில் தண்ணீர் கலந்து விரல் விட்டுப் பார்த்துவிட்டால் நடுவில் சூடு மாறுகிற பயமில்லை.

வாஷ்பேசின் குழாய் குட்டையாக இருந்து, கையைக் கழுவினால் பேசினின் பின்சுவரில் முட்டுகிறதா? ஏரேட்டரைக் கழற்றிவிட்டு அங்கே திருகும் நீட்டிக் குழாய் கிடைக்கிறது, திசை திருப்பலாம். கடைக்குப் போகும்போது கழற்றிய ஏரேட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். உள்மரையா வெளிமரையா என்று வாயால் சொல்லி விளங்காது. பக்கெட் நுழையாத அளவுக்குத் தாழ்ந்த குழாய்க்கு அரை மீட்டர் ஹோஸ் துண்டும் ஒரு கிளாம்பும்தான் மருந்து.

சொட்டுக்கு வருவோம். பல சுற்றுச் சுற்றும் பழைய குழாய் என்றால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது, சில ரூபாய் சமாச்சாரம். கால் சுற்றில் மூடும் குழாய் என்றால் உள்ளே பீங்கான் தகடு, அதில் மணல் கீறியிருக்கும். அந்தத் தகடு இருக்கும் உள்பாகத்தை, ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும், பழையதைக் காட்டி அதே கம்பெனியில் வாங்குங்கள். எதைக் கழற்றுவதானாலும் முதலில் ஆங்கிள் வால்வை (குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்தும் சின்னச் சுவர் வால்வு) மூடுங்கள். அது வருஷக்கணக்கில் தொடாமல் இறுகிக் கிடக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் கையோடு வந்துவிடும், அப்புறம் மொட்டை மாடிக்கு ஓடித்தான் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும். குடிவந்த வாரமே எல்லா ஆங்கிள் வால்வையும் மெதுவாக ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள்.

ஹெல்த் ஃபாசெட்டை (கழிப்பறையில் கழுவும் கைக்குழாய்) விசையால் மட்டும் நிறுத்திவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். அழுத்தம் முழுக்க ஹோஸில் நிற்கும், என்றைக்காவது வெடிக்கும். சுவர் வால்வையும் மூடுங்கள்.

மே மாதத்துக்குத் தனி விதி. மொட்டை மாடித் தொட்டி வெயிலில் காய்ந்து, மதியம் இரண்டு மணிக்கு இரண்டு குழாயிலும் வெந்நீர்தான் வரும். இரவே இரண்டு பக்கெட் பிடித்து மூடி வையுங்கள்.

துணி

கழுத்துப் பட்டியிலும் இடுப்பிலும் அரிப்பு என்றால் சந்தேகம் துணியின்மேல். வாஷிங் மெஷினில் பவுடரைக் கொட்டாமல் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், கடைசியில் ஒரு அலசல் கூடுதலாக வையுங்கள். நுரை வரவில்லையே என்று பவுடரை அள்ளிப் போடுவது எல்லோரும் செய்கிற தப்பு. உறையில் கடின நீருக்கு என்று போட்டிருக்கும் அளவோடு நிறுத்துங்கள். கையால் துவைப்பவர்கள் சவுக்காரக் கட்டியை விட்டு டிடர்ஜென்ட்டுக்கு மாறினால் பாதி வேலை மிச்சம். விறைத்துப்போன துண்டைக் கடைசி அலசலில் அரைக் கப் வினிகர் விட்டு அலசலாம். வாசனைக் கண்டிஷனர் வேண்டாம், துண்டு தண்ணீரை உறிஞ்சாது, தோலுக்கும் ஆகாது.

வெள்ளைச் சட்டை மஞ்சளாகிறதென்றால் தண்ணீரில் இரும்பு. இதற்கு ப்ளீச் போட்டால் கறை இன்னும் இறுகும். எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துப் பாருங்கள்.

எப்போது டாக்டர்

இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கில் கொப்புளம், அறைத் தோழனுக்கும் அதே என்றால் அது தண்ணீர் இல்லை, சிரங்கு. அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். வட்டமாக ஓரம் சிவந்து படர்ந்தால் படர்தாமரை. மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க அண்ணே" என்று கேட்டு வாங்கும் கலவைக் க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் அடங்கி, மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் பரவும். நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரண்டு மூன்று வாரம் மேலே சொன்னதெல்லாம் செய்தும் தூக்கம் கெட்டாலோ தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது சோப்பு, ஷாம்பூ, க்ரீம் உறைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம்.

கழற்றிய பழைய ஏரேட்டர், ஷவர் தலை, கெடாத திருகு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு பரணில் வையுங்கள். வீடு காலி செய்யும் நாளில் பழையதை மாட்டிவிட்டு உங்கள் நீட்டியைக் கழற்றிக்கொண்டு கிளம்பலாம். நான் அதை மறந்து போனேன், அட்வான்ஸில் நானூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.